எபிக்கை எந்தப் பக்கம் வெட்டுவது? ஒரு கொலுசுக் கணக்கு

மக்களே வணக்கம். சேலத்தில் இன்று மழை, மாடியில் எடுக்க வேண்டிய வீடியோ சமையலறைக்குள் வந்துவிட்டது, குக்கர் விசில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் செய்யும்போது, ஒரு எபிக்கை (பல சின்ன வேலைகள் சேர்ந்த ஒரு பெரிய வேலை) எத்தனை ஸ்பிரிண்டாக (சில வார வேலைத் தவணை) பிரிப்பது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கையை விடுங்கள், எந்தப் பக்கமாக வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் தப்பாக வெட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளி வியாபாரி. பட்டறைகளுக்கு வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார், கொலுசாகத் திரும்பி வரும், மறுபடி எடைபோட்டு, சேதாரம் பார்த்து, கூலி கொடுப்பார். இந்தக் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்ய, ஜிராவில் (டீமின் வேலைகளைப் பட்டியல் போடும் ஆப்) 'பட்டறைக் கணக்கு' என்று ஒரு எபிக் போட்டோம். முதல் ஸ்பிரிண்டில் டேட்டாபேஸ், அடுத்ததில் ஏபிஐ (ஸ்கிரீனையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பகுதி), மூன்றாவதில் ஸ்கிரீன். பார்க்க என்ன அழகு! 4 வாரம் கழித்து டெமோவுக்குப் போனால், "தம்பி, ஒரு ஜோடி கொலுசை இதில் ஏற்றிக் காட்டு" என்கிறார். ஸ்கிரீனே இன்னும் வரவில்லை, காட்ட ஒன்றுமில்லை.

சரி என்று திரும்ப வெட்டினோம். முதலில் ஒரே ஒரு பட்டறை, கொடுத்த கிராம், தேதி, ஒரு ரசீது, அவ்வளவுதான், ஆனால் ஸ்கிரீனிலிருந்து டேட்டாபேஸ் வரை ஓடும். அடுத்த ஸ்பிரிண்டில் திரும்பி வந்த எடையும் வித்தியாசமும். அந்த டெமோவில்தான் குட்டு வெளிப்பட்டது: பட்டறைக்காரர் பாதிக் கொலுசை இன்று தருவார், மீதி அடுத்த வாரம். எங்கள் டேட்டாபேஸ் டேபிளில் அதற்கு இடமே இல்லை. பழைய மாதிரி வெட்டியிருந்தால் இது கடைசியில்தான் தெரிந்திருக்கும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதே எபிக்கில் அதற்கென்று ஒரு ஸ்டோரி (எபிக்குக்குள் வரும் ஒரு சின்ன வேலை) சேர்த்தோம், கூலிக் கணக்கு அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போனது. ஆனால் ஸ்பிரிண்டை 2 வாரத்துக்கு மேல் இழுக்கவில்லை. ஸ்க்ரம் கைடு (ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் விதிப் புத்தகம்) ஒரு மாதத்தைத் தாண்டாதே என்கிறது, அப்புறம், எபிக் என்ற சொல்லே அதில் கிடையாது, தெரியுமா?

இன்னொன்று, 'இதர வேலைகள்' என்று ஒரு எபிக் எல்லா டீமிலும் இருக்கும். அது எபிக் இல்லை, சாக்குமூட்டை. வருஷக்கணக்கில் மூடாது. கூலிக் கணக்கு முடிந்ததும் வியாபாரி அண்ணன், ரசீதில் கொலுசு போட்டோவும் வேண்டும் என்றார். அதைச் சாக்குமூட்டையில் திணிக்காமல், பழைய எபிக்கை மூடிவிட்டு, அதற்குப் புதிதாக ஒன்று திறந்தோம்.