கொடி ஏன் உயர்ந்தது? ஆஃப்சைடும் லைன் ரெஃப்ரியும்

[திரையில்: சேலம் காந்தி ஸ்டேடியம். பந்து வலைக்குள்ள கிடக்குது. ஓரத்துல கொடி உயர்ந்து நிக்குது.]

கால்பந்து ஆட்டம். பந்து வலைக்குள்ள போயிடுச்சு, ஆனா கோல் இல்லை. "கோல் அடிச்சவன் பந்தை வாங்கறப்ப அவனுக்கு முன்னாடி எதிரணி ஆளுங்க ரெண்டு பேர் இருந்தாங்களே, எப்படி ஆஃப்சைடு?"னு ஓரத்துல சத்தம்.

வாங்கற நொடியைப் பார்க்கக் கூடாது. கூட்டாளியோட கால் பந்துல பட்ட நொடியைத்தான் பார்க்கணும். அந்த நொடியில எதிரணியோட கடைசிக்கு முந்தின ஆளைத் தாண்டி நின்னுட்டு, அப்புறம் பின்னால ஓடி வந்து வாங்கினாலும் ஆஃப்சைடுதான். அந்த நொடியில பின்னாடி இருந்து, பந்து கிளம்பினதுக்கு அப்புறம் முன்னால பாய்ஞ்சா தப்பே இல்லை.

[படம்: மைதானம், மேலிருந்து]

எதிரணி பாதியில, பந்தையும் எதிரணியோட கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி, கோல் கோட்டுப் பக்கம் தலையோ உடம்போ காலோ நீட்டியிருந்தா அது ஆஃப்சைடு இடம். கை கணக்கில்லை. சமமா நின்னா தப்பில்லை. 1990-ல இருந்து அதுதான் விதி. கடைசி ஆள் பெரும்பாலும் கீப்பர்தான். ஆனா அவர் கார்னருக்காக முன்னால ஏறிட்டா, பின்னாடி ரெண்டு டிஃபெண்டரை எண்ணணும். இதை மறந்துதான் பலர் கத்தறாங்க. த்ரோ, கார்னர், கோல் கிக், இந்த மூணுல நேரா வாங்கினா ஆஃப்சைடே கிடையாது.

[படம்: ஓரக்கோட்டுல கொடியோட ஒருத்தர், பக்கவாட்டு நடை]

லைன் ரெஃப்ரி, அதாவது ஓரக்கோட்டுல கொடியோட ஓடற உதவி நடுவர், அந்தக் கடைசிக்கு முந்தின ஆளுக்கு நேரா நிக்கணும். பந்து அந்த ஆளைத் தாண்டிட்டா பந்துக்கு நேரா. அதனாலதான் மைதானத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டுல கால் வைக்கறார். நடுக்கோட்டுப் பக்கம் 2 மீட்டர் பின்தங்கினாலே பார்வை சாய்ஞ்சுடும். தன் பக்கத்து ஃபார்வர்டு, தூரத்து டிஃபெண்டருக்குச் சமமா நின்னாலும் முன்னால நிக்கற மாதிரி தெரியும். தூரத்து ஃபார்வர்டு உண்மையிலேயே முன்னால நின்னாலும் தப்பிச்சுடுவான். தப்பான கொடிக்குக் கண் மட்டுமில்லை, நிக்கற இடமும் காரணம்.

இன்னொன்னு: ஆஃப்சைடு இடத்துல நிக்கறது மட்டும் குற்றமில்லை. பந்தைத் தொடணும், இல்லை எதிராளியைத் தடுக்கணும். அதனால நல்ல லைன் ரெஃப்ரி கொஞ்சம் பொறுத்துத்தான் கொடி தூக்குவார். விசில் வந்ததும் கொடி மேல்நோக்கிச் சாய்ஞ்சா ஆஃப்சைடு நடந்தது தூரத்துப் பக்கம், தோள் உயரத்துல நேரா நீட்டினா நடுப்பகுதி, கீழ்நோக்கிச் சாய்ஞ்சா கிட்டப் பக்கம்.

[திரையில்: ஏற்காடு, பனிமூட்டத்துல ஒரு மைதானம்]

சேர்வராயன் மலையில பனி இறங்கிட்டா ஓரத்துக் கொடி நடுவர் கண்ணுக்குச் சிக்காது. மலை மேல ஆடறவங்க பளிச்னு மஞ்சளோ ஆரஞ்சோ உள்ள கொடி கொண்டு போங்க. கொடி பார்த்துட்டு நிக்காதீங்க, விசில் வரைக்கும் ஆடுங்க.

விசில் வந்தா மறைமுக ஃப்ரீ கிக், அதாவது நேரா கோல் அடிக்க முடியாத உதை. நடுவர் கையைத் தூக்கியே வச்சிருப்பார். வேற யார் மேலயும் படாம நேரா எதிர் கோலுக்குள்ள போனா, எதிரணிக்குக் கோல் கிக்.