அழும் பிள்ளையிடம் யார் போகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கியதுமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும், எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று. பல வருடம் மழலையர் வகுப்பிலேயே இருந்தவள் என்பதால் என்னிடமும் நிறையப் பேர் கேட்பார்கள். நேரில் போய்ப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பள்ளியை அலங்கரித்து வைத்திருக்கும் சேர்க்கை நாளில் வேண்டாம். சாதாரண நாளில், வகுப்பு நடக்கும்போது, அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். காரணம் மனதுக்குச் சரியாகப் படவில்லையென்றால் வேறு இடம் தேடலாம்.

சுவரில் வரைந்த படங்களும் புது ஊஞ்சலும் தானாகவே கண்ணில் படும். நீங்கள் காத்திருந்து பார்க்க வேண்டியது, ஒரு குழந்தை அழுகிற நேரத்தை. மூன்று வயதுப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிற அறையில் யாராவது ஒருவர் அழத்தான் செய்வார். அப்போது டீச்சர் இருந்த இடத்திலிருந்தே அதட்டுகிறாரா, எழுந்து வந்து பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிகிறாரா?

ஒரு பையன் எனக்கு இன்னும் நினைவிருக்கிறான். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மார்போடு கட்டிக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல் நின்றான். புதிதாக வேலைக்கு வந்திருந்த டீச்சர் அதைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பேசாமல் மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய கட்டை ஒன்றை வைக்க அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பாட்டிலைக் கீழே வைத்தான். அந்தப் பொறுமை இருக்கிற இடத்தைத்தான் தேடச் சொல்கிறேன்.

கட்டை அடுக்குவது வெறும் விளையாட்டுதானே என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஃப்ரெடரிக் ஃப்ரோபல் 1837-இல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியபோது, அவர்கள் கையில் கொடுத்தது பந்தும் மரக்கட்டையும்தான். 1840-இல் அதற்கு கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். ஆனால் இன்று பல பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, எப்போது எழுதச் சொல்லித் தருவீர்கள் என்பதுதான். அவர்கள் ஆசை புரிகிறது. ஆனால் பெரியவர்களின் மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகளில் பல, மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத வைக்கும் பள்ளி எனக்குக் கவலை தருகிறது. களிமண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழிப்பதும் எழுத்துக்குக் கையைத் தயார் செய்கிற வேலைகள்.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிடாதீர்கள். மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் 1907-இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். இன்று பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பாருங்கள். பொருள்கள் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், அவர்களே எடுத்துத் திருப்பி வைக்கும்படி இருக்கின்றனவா? கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால், மாண்டிசோரி அந்தப் பலகையில் மட்டும்தான் இருக்கிறார்.

அப்புறம், கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பிள்ளையை யார் கூட்டிப் போகிறார்கள், உடை நனைந்தால் என்ன செய்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போன வருடம் இருந்த டீச்சர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பழகிய முகம் அடிக்கடி மாறினால் பிள்ளை தவித்துப்போகும்.

சரி, சேர்த்துவிட்டீர்கள். முதல் வாரம் அழுகை இருக்கும். பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போய்விடாதீர்கள். "போயிட்டு வரேன், வந்து கூட்டிட்டுப் போவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மாலையில் கூப்பிடப் போகும்போது, எவ்வளவு நேரம் அழுதான் என்று டீச்சரிடம் கேளுங்கள். "எல்லாம் சரியாயிடுச்சு" என்று சிலர் சொல்வார்கள். "நீங்க போனதும் ஐந்து நிமிஷம் அழுதான், அப்புறம் ஜன்னல்கிட்ட போய் அணிலைப் பார்த்துட்டு நின்னான்" என்று சொல்கிற டீச்சர் கிடைத்தால், மறுநாள் நீங்கள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.

நன்றி, வணக்கம்.