குறிஞ்சி பூத்துவிட்டதாம்!

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி நண்பர்களே, சால்வையும் குல்லாவுமாக இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் கொடைக்கானல் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"இணையத்தில் நாம் பெரிதும் ஏமாறுவது அறியாமையாலா, அவசரத்தாலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அறியாமையே என்று அடித்துச் சொன்னார். பூம்பாறையில் ஒரு பாட்டி போனில் ஓடிபி எண்ணைச் சொல்லி 18,000 ரூபாயைப் பறிகொடுத்த கதையைச் சொன்னார். கேட்டு நானும் கலங்கினேன். ஆனாலும் நான் பேச வந்தது அவசரத்தைக் கூண்டில் ஏற்றத்தான்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். 2023இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குக் கிளம்புகிற நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. மலைச்சரிவு முழுக்க ஊதா. கீழே, "கொடைக்கானலில் குறிஞ்சி பூத்துவிட்டது, இந்த வாரம் மட்டும்தான், வாங்க!" நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. நம் மலையில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவளே நான்தான் அய்யா! அப்படிப்பட்ட நான் அந்தப் படத்தை மூன்று குழுக்களுக்குத் தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதுரையிலிருந்து என் சித்தி வேன் பிடித்து, பதினோரு பேரோடு வந்து இறங்கினார். குறிஞ்சி ஆண்டவர் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தோம். இலைதான் இருந்தது. காலம் தப்பி ஒன்றிரண்டு செடி பூப்பது உண்டு, குறிஞ்சி இனத்திலேயே வேறு கணக்கில் பூக்கிற வகைகளும் உண்டு. அதெல்லாம் சரி, அதற்காக மலை முழுக்க ஊதாவாகிவிடாது. சித்தி திரும்பிப் போன பிறகு ஒரு படம் இதற்கு முன் எங்கே வந்தது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸில் அதைப் போட்டுப் பார்த்தேன். 2018இல் வந்த செய்தியில் அதே படம். கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆனது. அண்ணே, அன்றைக்கு என்னிடம் இல்லாமல் போனது அறிவா, அந்த அரை நிமிடமா?

சரி, என் கதையை விடுங்கள். போன மே மாதம் ஏழு ரோடு பக்கம் ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு நின்றது. இன்ஸ்டாகிராமில் பார்த்து காட்டேஜ் பிடித்து, 6,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். படத்தைக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்தவர் வீடுதான் அது, வாடகைக்கு விடுகிற வீடே இல்லை. "ஏன் சார், ஓட்டலுக்குப் போன் போட்டு விசாரிக்கலையா?" என்றேன். அவர் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர். "ரெண்டு ரூம்தான் இருக்கு, பத்து நிமிஷத்தில் போயிடும்னு சொன்னான்மா" என்றார். வங்கிக்காரருக்கு எதிரணி என்ன பாடம் நடத்தப் போகிறது?

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நம் ஊருக்கும் ஊட்டிக்கும் வண்டியில் வருகிறவர்கள் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச்சீட்டு, இ-பாஸ், வந்தது. அதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் ஊரை நெருங்கி, வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு வரும்போதுதான் பலருக்கு அது ஞாபகம் வருகிறது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, வண்டிக்குள் பிள்ளை வாந்தி எடுக்கிறது. "200 ரூபாய் கொடுங்க சார், இப்பவே எடுத்துத் தர்றேன்" என்று ஒருவன் போனை நீட்டினால் வாங்காத ஆள் யார்? இலவசம் என்று அவருக்குத் தெரிந்தேதான் இருக்கும்.

இப்போது அண்ணனின் பூம்பாறைப் பாட்டிக்கு வருகிறேன். பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்றார். அய்யா, அந்தப் பாட்டி மலைப்பூண்டு விற்கிறவர். வடுகப்பட்டிச் சந்தை வியாபாரி "விலை இறங்கிப் போச்சு ஆத்தா" என்றால் அப்படியே நம்பி மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுவாரா? பக்கத்துக் கமிஷன் கடையில் கேட்பார், நேற்று போய்வந்த பேரனைக் கேட்பார், தராசை ஒருமுறை பார்ப்பார், அப்புறம் பணத்தை இரண்டு முறை எண்ணிய பிறகுதான் மூட்டை நகரும். விதைப்பூண்டு வாங்கினால் ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்ப்பார். சொல்கிறவன் யார், அவனுக்கு இதில் என்ன லாபம், வேறு யாராவது இதையே சொல்கிறார்களா? இணையத்தில் ஒரு செய்தியைச் சோதிக்கப் படித்தவர்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவைதானே! பாட்டிக்கு அந்த வித்தை எழுபது வருடமாகத் தெரியும். போனில் பேசியவன் அதைப் பயன்படுத்த நேரம் கொடுக்கவில்லை. "இன்னும் அஞ்சு நிமிஷத்தில் கணக்கு முடங்கிடும்" என்றான். நசுக்கி மோந்து பார்க்க விடாமல் மூட்டையை வாங்கிக்கொண்டு ஓடியவன் அவன்.

படிப்பு காப்பாற்றும் என்கிறீர்களே, 2024இல் லூதியானாவில் பெரிய ஜவுளித் தொழிலதிபர் ஒருவர், 82 வயது, வீடியோவில் போலி நீதிமன்றத்தையே நடத்திக் காட்டியவர்களிடம் 7 கோடி ரூபாயைக் கொடுத்தார். போலீஸ் மாதிரி வீடியோவில் வந்து, கைது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் இந்த 'டிஜிட்டல் கைது' நம் சட்டத்திலேயே இல்லை என்பதை ஒரு வக்கீலுக்குப் போன் போட்டால் சொல்லியிருப்பார். யாரிடமும் பேசவிடாமல் இரவும் பகலும் கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் வானொலியில் இதைப் பற்றிப் பேசியபோது மூன்று படிகள் சொன்னார். நில், யோசி, செயல்படு. நடுவர் அய்யா கவனிக்க வேண்டும், முதல் படி 'நில்'!

இன்னொன்று. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அதற்காக அவர்கள் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. நம் காட் ரோட்டில் போடுகிற மாதிரி ஒரு வேகத்தடை போட்டார்கள், அவ்வளவுதான். அறியாமைதான் காரணம் என்றால் வேகத்தடைக்கு அது எப்படி அய்யா குறையும்?

அண்ணனுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகை என்று வருகிற ஏபிகே கோப்பு பத்திரிகையே இல்லை, போனுக்குள் குடியேறுகிற செயலி என்பது பலருக்குத் தெரியாது. யுபிஐ பின் எண் பணம் அனுப்பத்தான், பணம் வாங்க அது தேவையே இல்லை என்பதும், பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் ஒரு தளம் உண்மையானதாகிவிடாது என்பதும் அப்படித்தான். சொல்லிக் கொடுக்க வேண்டும், கொடுக்கிறேன். வாங்கின சம்பளத்துக்கு அதையாவது செய்கிறேன்.

அதேபோல அவசரத்துக்கும் ஓர் இடம் உண்டு. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும், ஏனென்றால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். அங்கேதான் நாம் நிதானமாக இருக்கிறோம்! "யாராவது சிரிப்பாங்களோ" என்று இரண்டு நாள் பாயில் படுத்துக் கிடந்துவிட்டுப் போகிறோம்.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது அய்யா. இன்னும் ஒரே ஒரு சாட்சி. மன்னவனூரில் என் அத்தை இருக்கிறார். நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. போன வருடம் காக்கிச் சட்டையில் ஒருவன் வீடியோவில் வந்து, "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, கைது பண்றோம், போனை வைக்கக் கூடாது" என்று மிரட்டினான். அத்தை நடுங்கிப்போய், பேரனைக் கூப்பிட்டுப் பணம் அனுப்பச் சொல்ல இருந்தார். அந்த நேரம் பார்த்து மழை, சிக்னல் போய்விட்டது. சிக்னல் திரும்ப முக்கால் மணி நேரம். அதற்குள் அத்தை பக்கத்து வீட்டில் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள், காபி போட்டுக் கொடுத்தார்கள். டிஜிட்டல் கைது என்றால் என்ன என்று அத்தைக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அறியாமை அப்படியேதான் இருந்தது அண்ணே, அந்த முக்கால் மணி நேரம்தான் கூடுதல்!

மறுபடி அவன் கூப்பிட்டான். அத்தை எடுத்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்யா, நாளைக்குக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். இன்றுவரை அவன் கூப்பிடவில்லை.