பார்க்கிறவர்களை நம்பி எடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தொடர்களையும் படங்களையும் பற்றி ஒரு பார்வையாளராக மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் விமர்சகர் இல்லை. சினிமாத் துறையில் எனக்கு யாரையும் தெரியாது. டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிறவள். இரவு வீட்டில் ஓடும் தொடர்களையும் விடாமல் பார்க்கிறவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். நம் ஊரில் படம் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பார்க்கிறவர்களை நம்புவதில்லை. நமக்குப் புரியாது, நமக்குப் பொறுமை இருக்காது, நாமாக அழமாட்டோம் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மருமகள் கதவோரம் நின்று மாமியார் பேசுவதைக் கேட்டுவிடுகிறாள். உடனே கேமரா அவள் முகத்துக்கு மூன்று முறை பாய்கிறது. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கூடத்தில் இருக்கும் ஆறு பேருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அவள் மனதுக்குள் பேசுகிறாள்: "அப்படின்னா பத்திரத்தை எடுத்தது இவங்கதானா?" அரை நிமிடத்துக்கு முன்னால் மாமியார் வாயாலேயே அதைக் கேட்டுவிட்டோம். மறுநாள் தொடக்கத்தில் அதே காட்சி முன்கதையாக இன்னொரு முறை வரும்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாரத்துக்கு ஆறு நாள், சில தொடர்கள் ஏழு நாளும் ஒளிபரப்பாகின்றன. விளம்பரம் போகத் தினமும் இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டிஆர்பி எண் வியாழக்கிழமை தோறும் வருகிறது. அந்த எண் இறங்கினால் கதையே திசை மாறிவிடும். சில சமயம் ஒரு பாத்திரமே காணாமல் போய்விடும். இந்த நெருக்கடியில் வேலை செய்கிற எழுத்தாளர்களையும் நடிகர்களையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் உழைப்பு பெரிய உழைப்பு.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். பெண்கள் அடுப்பங்கரையில் வேலை பார்த்துக்கொண்டே காதால் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லியாக வேண்டும் என்பார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. காதால் மட்டும் கேட்ட வானொலி நாடகங்களை ஒரு தலைமுறையே கொண்டாடியது. அதில் முகமே கிடையாது. கதவு சாத்தும் ஓசை, ஒரு செருமல், பேச்சு நடுவில் ஒரு நிறுத்தம், இவ்வளவுதான். மீதியை என் அம்மா மாதிரியானவர்கள் மனதுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். கேட்கிறவருக்கும் கற்பனை உண்டு என்று நம்பியவர்கள் எழுதிய நாடகங்கள் அவை.

தொடர்களிலும் அந்த நம்பிக்கை இருந்த காலம் உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த மர்மதேசத்தை நினைத்துப் பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். அதில் 'விடாது கருப்பு' வந்தபோது வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிக்கிற கருப்பு யார் என்று தெருவெல்லாம் பேச்சு. வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். நடுவில் இருந்த நாட்களில் கதையை நாம் ஓட்டினோம். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை துப்புத் துலக்கினார்கள். முடிச்சு எங்கே இருக்கிறது என்பதற்கான தடயங்களை இயக்குநர் நேர்மையாக வழி நெடுக வைத்திருந்தார். இன்னும் பார்க்காத இளையவர்கள் இங்கே இருக்கிறார்கள், அதனால் முடிவைச் சொல்லவில்லை.

மெட்டி ஒலியும் எனக்கு நெருக்கமான தொடர். 2002இல் தொடங்கி 2005 வரை ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் வாழ்ந்திருப்பார். சீர், கடன், மாப்பிள்ளை வீட்டாரின் முகச்சுளிப்பு என்று நம் வீடுகளில் நடந்ததுதான் அதில் நடந்தது. வில்லத்தனத்துக்குப் புருவத்தை நெறிக்கத் தேவையில்லாத எழுத்து அது. கொரோனா ஊரடங்கின்போது மறுபடி போட்டார்கள். ஏற்கெனவே பார்த்தவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணூறு பகுதிகளில் அந்தப் பெண்கள் எவ்வளவு அடி வாங்கினாலும் பொறுத்துப்போவதையே தொடர் பெருமையாகக் காட்டியது. அது என்னை உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

சரி, பொறுத்துப்போகாத பெண்களைக் காட்டிய தொடருக்கு வருவோம். 2022இல் வந்த எதிர்நீச்சல். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் அடைக்கிற ஒரு குடும்பம். திருச்செல்வம் இயக்கம். ஆரம்ப மாதங்களில் அதைப் பார்த்தபோது, இதைத்தானே இத்தனை வருடம் எதிர்பார்த்தோம் என்று இருந்தது. மருமகள்கள் சமையலறையில் கூடி நின்று பேசுகிற காட்சிகளில் பயமும் சிரிப்பும் ஆத்திரமும் கலந்து வரும். அப்படிப்பட்ட பேச்சைத் தமிழ்த் தொலைக்காட்சி அதற்கு முன் அதிகம் கேட்டதில்லை.

அந்த வீட்டை ஆட்டிவைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். எவ்வளவு பெரிய நடிகர்! வெற்றிலைப்பாக்குத் தட்டு வைத்த வீடுகள் அத்தனையிலும் இருக்கிற மனிதரை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார். ஆனால் என்ன நடந்தது என்று கவனித்தீர்களா? அவருடைய "இந்தாம்மா ஏய்" ஊரெல்லாம் பரவியது. கல்யாண வீட்டில், அலுவலகத்தில், ஆண்கள் அதைச் சொல்லிப் பெண்களைக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அடக்குமுறையைக் கண்டிக்க எடுத்த தொடரில் அடக்குகிறவரே கதாநாயகன் ஆகிவிட்டார். இது மாரிமுத்துவின் குற்றம் இல்லை. அவர் தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்தார். கைதட்டல் எங்கே விழுகிறதோ அங்கேயே போய் நின்றுகொண்ட தொடரின் குற்றம். மருமகள்கள் ஒரு படி ஏறினால் மறு வாரம் இரண்டு படி இறங்கினார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து திடீரென மறைந்தார். அதன் பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். தொடரின் முதல் பாகம் 2024இல் முடிந்தது, அதே வருடக் கடைசியில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இரண்டாம் பாகம் தொடங்கியது. அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை முதல் பாகத்தில் நிறைவோடு பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் அற்புதமாகப் பாடுகிறார்கள். பாடட்டும். பாடி முடித்ததும் அந்தக் குழந்தையின் அப்பா பட்ட கடனையும் அம்மாவின் நோயையும் வயலின் இசையோடு எதற்குக் காட்ட வேண்டும்? அந்தப் பிள்ளை நாளை வகுப்புக்குப் போக வேண்டியவன். அவன் குரலே நம்மைக் கலங்கவைக்கும். அதை நம்பினால் போதும்.

இனி சினிமா. நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனதுக்குள் ஒரு படத்தோடு ஒப்பிட்டுவிடுவேன். பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988இல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் சுதா என்ற பெண் சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசை அங்கங்கே வரும், அதுவும் அளவோடு. அந்தப் படத்துக்காக அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

சிமெண்டு, கம்பி, கடன், லஞ்சம், மழை, ஏமாற்றும் ஒப்பந்தக்காரர் என்று வீடு கட்டிய எவருக்கும் தெரிந்த அத்தனையும் அதில் இருக்கிறது. ஒப்பந்தக்காரரை எதிர்த்துக் கேட்கிற மங்கம்மா என்ற சித்தாள் இருக்கிறாள். பசி சத்யா நடித்திருப்பார். நீளமான வசனம் எதுவும் அவருக்கு இல்லை. இருந்தாலும் கட்டட வேலைக்கு வரும் பெண்களின் நேர்மையையும் கோபத்தையும் அவரைப் போலக் காட்டியவர் அரிது. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அந்த முதியவர் போகிறார். சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் நமக்கு விளக்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பும்போது இறந்துபோகிறார். நான் எத்தனை தரம் பார்த்தாலும் அந்த இடத்தில் எழுந்து போக முடிந்ததில்லை. அழு என்று அந்தப் படம் என்னிடம் சொல்லவே இல்லை.

இதே துணிச்சல் பல வருடம் கழித்து பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் எனக்குக் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் வந்தது. பின்னணி இசையே கிடையாது. கட்டாயக் கல்யாணத்துக்கு மசியாத மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பெண் படம் முழுக்க ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. வழியில் ஒரு காளை பாதையை மறிக்கிறது. ஆண்கள் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிப்போகிறாள். அதற்கு அடிக்குறிப்பு எதுவும் இல்லை. படம் முடிந்ததும் "முடிவே சொல்லாம விட்டுட்டானே" என்று என் வரிசையில் ஒருவர் கோபப்பட்டார். அவர் மனைவி வாசல் வரை முடிவைப் பற்றித்தான் அவரிடம் பேசிக்கொண்டே போனார். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே படத்தின் வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிராக, அதே வருடம் நவம்பரில் 'கங்குவா' வந்தது. சூர்யா கடுமையாக உழைத்திருந்தார். ஆனால் சத்தம் தாங்க முடியவில்லை என்று பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல, திரையரங்குகளில் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே பேசும் நிலை வந்தது. கத்தினால்தான் நமக்கு வீரம் புரியும் என்று யார் முடிவு செய்தது?

'மெய்யழக'னுக்கு நடந்தது வேறு மாதிரியான அவநம்பிக்கை. பிரேம்குமார் எடுத்த படம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கார்த்தியும் அரவிந்த் சாமியும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். நீளம் என்று முதல் நாட்களில் முணுமுணுப்பு எழுந்தது. சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய்வருவதுதான் அந்தப் படத்தின் உயிர். ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவருக்கு இது தெரியும். எல்லாரும் அவசரத்தில் இருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் பொறுத்திருந்தால் அந்த நீளத்துக்கும் ஆட்கள் வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஓடிடி தொடர்களில் எனக்குப் பிடித்தது 2023இல் வந்த 'அயலி'. வயதுக்கு வந்ததும் பெண்ணின் படிப்பை நிறுத்துகிற ஊரில், அதை மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற தமிழ்ச்செல்வி. எட்டே பகுதி. அவளும் அம்மாவும் சேர்ந்து ரகசியத்தைக் காப்பாற்றுகிற காட்சிகளில் சிரித்துக்கொண்டே நெஞ்சு படபடக்கும். கடைசியில் கொஞ்சம் மேடைப் பேச்சு வந்துவிடுகிறது. அதுவரை அந்தச் சின்னப் பெண் செய்த காரியங்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டனவே, அப்புறம் பேச்சு எதற்கு என்று தோன்றியது. இருந்தாலும் தினத்தொடர் பார்த்துப் பழகிய என் உறவுக்காரப் பெண்கள் பலரை இதைப் பார்க்கவைத்தேன். யாருக்கும் எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் இங்கே வந்திருக்கும் திரைப்படக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குறும்படத்தை ஒருமுறை பின்னணி இசை இல்லாமல், மனக்குரல் இல்லாமல், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ அத்தைக்கோ போட்டுக்காட்டுங்கள். அவர்களுக்கு எங்கே புரியவில்லையோ அங்கே மட்டும் ஏதாவது சேருங்கள். மெட்டி ஒலியைப் பற்றி நான் சொன்னதில் பின்வரிசையில் சிலருக்கு உடன்பாடு இல்லை என்று முகத்திலேயே தெரிகிறது. ஒலிவாங்கியை அந்தப் பக்கம் கொடுங்கள், முதலில் அவர்கள் பேசட்டும்.