கொலை இல்லாமல் துப்பறியும் கதை எழுத முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் நடக்கும் குழந்தைத் திருமணத்தை வைத்து, என் வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறேன். கொலையே இல்லாமல் மர்மம் வருமா? குற்றவாளியைக் கடைசி அத்தியாயத்தில்தான் காட்ட வேண்டுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கையே. வேண்டாம், முதல் பக்கத்திலேயே காட்டலாம். நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். செய்தது யார் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆனாலும் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 செப்டம்பர் வரை ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023இல். ஊருக்கே தெரிந்த ஓர் உண்மையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட 19 ஆண்டுகள் ஏன் ஆயின? இந்தக் கேள்விக்குள் எவ்வளவு பெரிய மர்மம் இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் கதைக்கும் அதே விதிதான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. பத்தாம் வகுப்புக்கு வர வேண்டிய தோழி வரவில்லை. பாட்டி வீட்டில் இருக்கிறாள் என்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் மட்டும் வாங்கப்பட்டிருக்கிறது. எந்தப் பள்ளியிலும் அவள் சேரவில்லை. உங்கள் கதாநாயகிக்கு இது போதும். அவளுக்குக் கைரேகை நிபுணரும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற தடயங்கள் நிறையவே உண்டு: வருகைப் பதிவேடு, ஆதார் அட்டையில் ஒரு பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதியும், ஊர்ப் பெயர் இல்லாமல் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை, மாநில எல்லை தாண்டி ஒரு கோயிலில் நடந்த முகூர்த்தம். கிருஷ்ணகிரிப் பக்கம் கர்நாடகமும் ஆந்திரமும் கூப்பிடு தூரத்தில்தானே இருக்கின்றன! ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது வயது கேட்பார்கள். எல்லாரும் கட்டிக்காத்த பொய் அங்கே உடைவதாகவும் வைக்கலாம்.

அடுத்தது, வில்லன். குடிகார அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அது மிகவும் எளிது, பாதிக்கு மேல் பொய்யும்கூட. அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். வயதுக்கு வந்த பெண்ணைப் பாட்டியை நம்பி விட்டிருப்பார்கள். யாரையாவது காதலித்துவிடுவாளோ, அதுவும் வேறு சாதிப் பையனையோ என்ற பயம் அவர்களைத் தூங்கவிடாது. அந்தப் பயத்தைத் தூபம் போட்டு வளர்க்கிற ஒரு பெரிய மனிதர் ஊரில் இருப்பார். வறுமை, சாதி இரண்டையும் எழுதினால்தான் இது சமூக அநீதியைப் பற்றிய கதை. சாதியை விட்டுவிட்டு எழுதுவதானால் எழுதவே வேண்டாம் என்பேன்.

சட்டத்தையும் படித்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, பதினெட்டு வயதைத் தாண்டிய மாப்பிள்ளை மட்டுமல்ல, திருமணத்தை நடத்தி வைத்தவர், தூண்டியவர், தடுக்காமல் விட்ட பெற்றோர் எல்லாரும் குற்றவாளிகள். இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்; தடுக்காமல் விட்ட தாய்க்கு மட்டும் சிறை கிடையாது, அபராதம்தான். ஆக, மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு வந்த ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கதாநாயகி குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் செய்கிறாள் என்றால், அந்த ஒரு போனால் அவளுடைய சொந்தச் சித்தப்பாவே மாட்டலாம். கொலை தராத பதற்றத்தை அந்த இடம் தரும்.

ஓர் எச்சரிக்கை. உங்களுக்குத் தெரிந்த உண்மையான பெண்ணின் பெயரையோ, ஊரையோ, அடையாளம் காட்டும் எதையுமோ வைக்காதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவதைச் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவளுக்குச் செய்யும் இன்னொரு கொடுமை.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போலீஸ் ஜீப் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவதாக முடிக்க ஆசை வரும். அதற்கு முன் அந்தத் தோழிக்கு இரண்டு அத்தியாயமாவது கொடுங்கள். அவள் குரலிலேயே பேசட்டும். குழந்தையாக இருந்தபோது நடந்த திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரி, இருபது வயது முடிவதற்குள் அவளே நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த உரிமை அவளுடையது. போவாளா மாட்டாளா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். துப்பறிந்த கதாநாயகி அவளுக்காக முடிவெடுத்துவிடக் கூடாது.