மருந்தகத்தின் சிறிய அறை

அன்பான நேயர்களுக்கு வணக்கம். வடமேற்கு லண்டனில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக வேலை செய்பவன் என்ற முறையில் இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். காலை 8 மணிக்கு ஜிபி எனப்படும் குடும்ப வைத்தியரின் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று சொல்லும் பதிவுக் குரலைக் கேட்டுக்கேட்டே தேநீரை ஆறவிட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அந்த வரிசையில் ஒரு பகுதியினரை மருந்தகமே கவனித்து அனுப்பலாம் என்ற எண்ணத்தில்தான் 2024 ஜனவரி 31ஆம் திகதி இங்கிலாந்தில் 'பாமசி ஃபர்ஸ்ட்' (முதலில் மருந்தகம்) என்ற சேவை தொடங்கப்பட்டது. ஸ்கொட்லாந்தில் இதே பெயரிலான சேவை 2020 ஜூலையிலேயே வந்துவிட்டது.

இங்கிலாந்தின் திட்டத்தில் ஏழு நோய்கள் உண்டு. தொண்டை நோ, பீனிசம், பிள்ளைகளுக்கு வரும் காது நோ, கிருமி பிடித்த பூச்சிக்கடி, இம்பெட்டைகோ என்னும் தோல் புண், அக்கி, பெண்களுக்கு வரும் சலக்கடுப்பு ஆகியவையே அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது எல்லை இருக்கிறது. தொண்டை நோவுக்கு 5 வயது முதல், பீனிசத்துக்கு 12 வயது முதல், அக்கிக்கு 18 வயது முதல் என்று அந்தக் கணக்குப் போகிறது. இந்த நோய்களுக்கு, மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டு இல்லாமலே, முன்கூட்டி ஒப்புதல் பெற்ற எழுத்து மூலமான விதிமுறையின்படி, தேவைப்பட்டால் அன்டிபயோட்டிக் உட்பட மருந்து கொடுக்கும் அதிகாரம் மருந்தாளருக்கு இருக்கிறது.

'தேவைப்பட்டால்' என்ற அந்தச் சொல்லில்தான் எங்கள் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. தொண்டை நோவுடன் ஒரு பையனைத் தகப்பன் கூட்டி வருகிறார் என்று வையுங்கள். கடையின் ஓரத்தில் இருக்கும் சிறிய அறைக்குள் அவர்களை இருத்தி, ஐந்து விடயங்களை நான் பார்ப்பேன். கடந்த 24 மணித்தியாலத்தில் காய்ச்சல் இருந்ததா, தொண்டையின் டொன்சில் சதையில் சீழ் தெரிகிறதா, நோ தொடங்கி மூன்று நாளுக்குள் வந்திருக்கிறார்களா, அந்தச் சதை நன்றாகச் சிவந்து வீங்கியிருக்கிறதா, இருமலோ மூக்கால் ஓடுவதோ இல்லாமல் இருக்கிறதா என்பவையே அவை. 'ஆம்' என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி. பூச்சியமோ ஒன்றோ வந்தால், அது பெரும்பாலும் வைரசின் வேலை. ஒரு கிழமையில் தானாக மாறும். நாலோ ஐந்தோ வந்து, பிள்ளையும் நன்றாக வாடியிருந்தால் ஐந்து நாளுக்குப் பெனிசிலின் கொடுக்கலாம். இருமலும் தடிமனும் சேர்ந்து வந்த பையனுக்கு அநேகமாக ஒன்று அல்லது இரண்டு புள்ளிதான் கிடைக்கும், அன்டிபயோட்டிக் கிடைக்காது. "இவ்வளவு தூரம் வந்தும் வெறுங்கையோட போறதோ?" என்று தகப்பன் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் பாமசிக்குப் போனால் கையில் ஒரு அட்டைக் குளிசையாவது வரும் என்று பழகியவர்கள் நாங்கள்.

ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமே அந்த வெறுங்கைதான். நிபந்தனைக்குள் அடங்கிய ஒருவரை முறையாகச் சோதித்து ஆலோசனை சொன்னால், திட்டம் தொடங்கியபோது ஒரு சந்திப்புக்கு என்.எச்.எஸ் என்ற அரச சுகாதார சேவை 15 பவுண் கொடுத்தது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தொகை ஒன்றுதான். மருந்து விற்றால்தான் வருமானம் என்றிருக்கும் கடையில் 'வேண்டாம்' என்ற சொல் எளிதில் வாயில் வராது. இங்கே அந்தச் சொல்லுக்கும் கூலி உண்டு.

குறை இல்லாமலும் இல்லை. நேரடியாக நடந்து வந்து, நிபந்தனைக்குள் அடங்காத ஒருவருடன் அரை மணித்தியாலம் பேசினாலும் மருந்தகத்துக்கு ஒரு பென்ஸ் கிடையாது. அதே ஆளை ஜிபி நிலையம் கணினி வழியாக எங்களிடம் அனுப்பியிருந்தால் அந்தச் சந்திப்பு கணக்கில் சேரும். ஆகவே வரவேற்பில் இருப்பவர் "பாமசிக்குப் போங்கள்" என்று வாயால் சொன்னால், "கணினியில் பதிந்து அனுப்பிவிடுங்கள்" என்று நீங்கள் கேட்பது நல்லது. உங்கள் விபரமும் எங்களுக்கு முன்கூட்டியே வந்து சேரும்.

வயது எல்லை பற்றித்தான் எங்கள் ஆட்களிடம் ஆகக் கூடுதலான பேச்சு வாங்கியிருக்கிறேன். சலக்கடுப்புக்கான சிகிச்சை 16 முதல் 64 வயது வரையான, கர்ப்பமில்லாத பெண்களுக்கு மட்டுமே. ஒருநாள் 67 வயதான அம்மா ஒருவர் மருமகளுடன் வந்தார். கவுண்டரில் ஆட்கள் நின்றதால் "சலம் போகேக்க எரியுது தம்பி" என்று அடிக்குரலில் சொன்னார். அறைக்குள் கூட்டிப்போய், இந்த வயதில் நான் மருந்து தர முடியாது, ஜிபிதான் பார்க்க வேண்டும் என்றதும் மருமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன கிழமை பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்தனீங்கள்தானே?" என்றார். கொடுத்தது உண்மைதான். சலக்கடுப்புக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் நைட்ரோஃபியூரான்டொயின் என்ற அன்டிபயோட்டிக், மூன்று நாளுக்குரிய மருந்து. சிறுநீரகம் போதிய அளவு வேலை செய்தால்தான் அதைக் கொடுக்கலாம். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வேகம் குறைவதோடு, நோய் எதுவும் இல்லாமலே சலத்தில் கிருமி இருப்பதும் சாதாரணமாகிவிடும். அதனால் எரிவுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். சலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, இரத்தப் பரிசோதனை முடிவையும் பார்க்கக்கூடிய ஒருவர்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். அன்று நானே அவர்களுடைய ஜிபி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, அன்றைய மாலைக்கே நேரம் வாங்கிக் கொடுத்தேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலோசனை இலவசம் என்றாலும், இங்கிலாந்தில் இந்த வழியில் கொடுக்கும் மருந்துக்கு வழமையான மருந்துச்சீட்டுக் கட்டணம் உண்டு. 2024 மே மாதத்தில் அது 9 பவுண் 90 பென்ஸ் ஆனது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது இல்லை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் மருந்துச்சீட்டுக் கட்டணமே கிடையாது. சம்பளம் குறைந்த, ஆனால் விலக்குக்குள் வராத ஒரு தொழிலாளிக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல. இங்கிலாந்தும் அந்த வழிக்கு வர வேண்டும் என்பதே என் எண்ணம்.

வரும்போது நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். பெனிசிலின் ஒத்துவராதவர் என்றால் என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். வயிற்றோட்டம் வந்ததும் முகம் வீங்கி மூச்சு முட்டியதும் ஒன்றல்ல. தாத்தா பாட்டியின் நோயைப் பேரப்பிள்ளையை வைத்து மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். பேரன் முன்னால் சொல்லக் கூசும் விடயத்தை அவர்கள் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

அக்கியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். உடலின் ஒரு பக்கத்தில் பட்டிபோல எரிவும், பிறகு நீர்க் கொப்புளங்களும் வந்தால், திங்கட்கிழமை டொக்டரைப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். தடிப்புத் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்குவதே நல்லது. அசிக்ளோவிர் என்ற குளிசையை ஒரு நாளைக்கு ஐந்து தடவையாக ஏழு நாள் எடுக்க வேண்டும். பல மருந்தகங்கள் சனிக்கிழமையும் திறந்திருக்கும். ஆனால் தடிப்பு நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ மூக்கின் நுனியிலோ இருந்தால் என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காமல், நேரே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.