ஐந்து ஊர், ஐந்து கூரை

வணக்கம் நேயர்களே. சிறிய அறக்கட்டளைகளின் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களுக்காக நடக்கும் அறக்கட்டளைகளும் அதில் அடக்கம். அவற்றைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பக்தி உரை என்று நினைத்து வானொலியைத் திருப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது அதிகமும் கூரையைப் பற்றி.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறக்குறைய 16,000 தேவாலயக் கட்டடங்கள் உண்டு. பாதிக்கு மேல் கிராமப்புறத்தில். 12,000-க்கும் மேற்பட்டவை பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் பட்டியலில் இருப்பவை. அரசு சார்ந்த திருச்சபைதானே, பழுதை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தந்த ஊர்ச் சபை மன்றம்தான் பணம் திரட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் வரும் ஊரில், எழுநூறு வருஷத்துக் கோபுரம் அந்தப் பன்னிரண்டு பேர் தலையில்தான் நிற்கிறது.

குருவானவரும் ஊருக்கு ஒருவர் கிடையாது. நாலைந்து ஊருக்கு ஒருவர். சில இடங்களில் அதற்கும் மேலே. முதல் ஞாயிறு ஓர் ஊரில் ஆராதனை, அடுத்த ஞாயிறு பக்கத்து ஊரில் என்று முறை வைத்துச் சுற்றுகிறார். மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் பல இடங்களில் எல்லா ஊராரும் ஒரே கோவிலில் கூடுவார்கள். ஐந்து ஊருக்கும் சேர்த்து ஓர் அறக்கட்டளை தொடங்கினால் என்ன என்ற பேச்சுக்கு, அந்த ஆராதனை முடிந்த தேநீர் நேரம் தோதானது.

சபைக்குத்தான் ஏற்கெனவே கணக்கு இருக்கிறதே, தனியாக ஏன் இன்னொன்று? காரணம் இருக்கிறது. சபைக்குக் கொடுக்கும் காணிக்கை ஊழியத்துக்கும் போகும், மின்கட்டணத்துக்கும் போகும். கோவில் பக்கமே வராத, கடவுள் நம்பிக்கையே இல்லாத ஆட்களும் ஊரில் உண்டு. ஆனால் பாட்டன் பூட்டன் கல்லறை அந்த வளவுக்குள்தான் இருக்கும்; அந்த மணிக்கூண்டு இல்லாத ஊரை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியாது. 'கட்டடத்துக்கும் ஊர்ப்பணிக்கும் மட்டும்' என்று நோக்கத்தை எழுதி வைத்த தனி அறக்கட்டளை என்றால், அவர்களும் காசோலையில் கையெழுத்துப் போடுவார்கள். கொடுப்பவர் வருமான வரி கட்டுபவராக இருந்தால், 'கிஃப்ட் எய்ட்' படிவம் ஒன்றை நிரப்பியதும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக வரும். அந்தப் படிவத்தை நிரப்பி வாங்க மறந்துவிட்டு, கேக் விற்றுச் சில்லறை சேர்க்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை நாட்டின் பல பகுதிகளில் ஆட்கள் சைக்கிளிலும் நடையாகவும் கோவில் கோவிலாகச் சுற்றிப் பணம் திரட்டுவார்கள். பொதுவாக அதில் பாதி அவரவர் சொல்லும் கோவிலுக்கு, மறுபாதி அந்த மாவட்டத்துத் தேவாலய அறக்கட்டளைக்கு. நல்ல ஏற்பாடு. தன் ஊருக்கும் உழைத்ததாயிற்று, அடுத்த ஊருக்கும் கொடுத்ததாயிற்று.

இந்தப் பாதிக்குப் பாதியை ஐந்து ஊருக்குள் கொண்டுவரும்போதுதான் சிக்கல். ஓர் ஊரில் வசதியான ஓய்வூதியக்காரர்கள், இன்னோர் ஊரில் முப்பதே வீடு. 'எங்கள் கூரைக்கு' என்று ஒருவர் கொடுத்த பணத்தை வேறு ஊர்க் கூரைக்குச் செலவழிக்கச் சட்டம் விடாது. எதற்கென்று கொடுத்தாரோ அதற்குத்தான். கணக்கில் தனித்தனி நிதியாகக் காட்ட வேண்டும். ஆகவே நான் சொல்வது இதுதான்: பணத்தை ஒன்றாக்குவதற்கு முன் வேலையை ஒன்றாக்குங்கள்.

எந்த வேலை? முதலில் பீலி, அதாவது கூரைத் தண்ணீரை வாங்கி இறக்கும் வாய்க்கால். இலையுதிர் காலம் முடிந்ததும் கூரையோரப் பீலியில் இலை மட்கிச் சேறாகிக் கிடக்கும். அதிலே ஒரு செடிகூட முளைத்திருக்கும். மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் சுவரில் வழியும். சுண்ணாம்புப் பூச்சு உப்பும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனி மெல்ல உளுத்துப் போகும். வெளியே பச்சைப் பாசி தெரிவதற்குள் உள்ளே பல வருஷச் சேதம் நடந்திருக்கும். போதாக்குறைக்கு யாராவது நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசி, ஈரம் வெளியே வர இருந்த வழியையும் அடைத்துவிடுவார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறேன் என்று சிதைக்காதீர்கள், அன்றாடம் கவனித்தாலே போதும் என்று வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் ஒரு சங்கமே தொடங்கினார். இன்றும் அந்தச் சங்கம் பீலியைச் சுத்தம் செய்யுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒப்பந்தக்காரர் ஒரே வாரத்தில் ஐந்து கோவிலையும் பார்த்தால், ஏணியும் சாரமும் ஒருமுறை வந்தால் போதும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி 1955 முதல் உண்டு. அதையும் ஐந்து ஊரும் ஒருவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் ஊர்ப்பணி. 1957-இல் ஐவர் பல்மர்-தாமஸ் தொடங்கிய 'நண்பர்களற்ற தேவாலயங்களின் நண்பர்கள்' என்ற அறக்கட்டளை, ஆராதனை நின்றுபோன கோவில்களை ஏற்றுக் காக்கிறது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 60-க்கும் மேல். அருமையான பணிதான். ஆனால் நம் கோவில் அந்தப் பட்டியலில் சேராமல் இருக்க வேண்டுமானால் வாரநாளிலும் கதவு திறந்திருக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்களுக்கு மதிய உணவு, பஸ் இல்லாத ஊரிலிருந்து மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோய் விடுவது, குளிர்காலத்தில் சூடான ஓர் அறை. சாப்பிட வந்தவரிடம் ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்களா என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வாரம் சாப்பாட்டுக்கும் வரமாட்டார்.

சாப்பாடு போடுமுன் இன்னொன்று: கழிப்பறை. பல பழைய கோவில்களில் தண்ணீர்க் குழாயே கிடையாது. எண்பது வயதுக்காரர் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். குழாய் போடக் கல்லறை வளவில் பள்ளம் தோண்ட வேண்டும். அதற்குத் திருச்சபை அனுமதி வேண்டும். தொல்லியல் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். எலும்பு தென்பட்டால் வேலை நிற்கும். அந்தத் தாமதத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி இப்போதே போட்டு வையுங்கள். வணக்கம்.